அர்த்தம் தெரியுது சார், பேசத்தான் வரல

காரைக்குடியில் ஆங்கிலப் பயிற்சி வகுப்பு நடத்துகிறேன். வங்கித் தேர்வுக்கும் வேலைக்கும் தயாராகிற பிள்ளைகள் பலர் கையில் ஒரு நீள நோட்டு இருக்கும். இந்தப் பக்கம் ஆங்கிலச் சொல், அந்தப் பக்கம் தமிழ் அர்த்தம். "தினமும் இருபது வார்த்தை படிக்கிறேன் சார், பேசத்தான் வரல" என்பார்கள். உழைப்பில் குறையே இல்லை. முறைதான் காலை வாருகிறது.

ஆத்தங்குடியிலிருந்து வரும் மாணவி ஒருத்தி 'க்யூர்' என்ற சொல்லுக்கு நேரே 'குணப்படுத்து' என்று எழுதியிருந்தாள். சரிதான். ஆனால் அவள் வீட்டில் டைல்ஸ் பட்டறை. கண்ணாடியின் மேல் அச்சை வைத்து வண்ணக் கலவை ஊற்றி, உலர்ந்த மணல் சிமெண்ட் தூவி, சாந்து பூசி, இறுகிய பிறகு தண்ணீர்த் தொட்டியில் போடுகிறார்களே, சிமெண்டை அப்படி ஈரத்தில் வைத்துக் கெட்டிப்படுத்துவதும் 'க்யூர்'தான். பட்டறை பார்க்க வந்த வெளிநாட்டுக்காரரிடம் அதைச் சொல்லத் தெரியாமல் கையால் காட்டினாளாம். பட்டறை வேலையை முதலிலிருந்து கடைசிவரை ஆங்கிலத்தில் எழுதிவரச் சொன்னேன். 'போர்' (ஊற்று), 'ஸ்பிரிங்கிள்' (தூவு), 'சோக்' (ஊறவை), 'ட்ரை' (உலர்) எல்லாம் வாக்கியத்தோடு வந்தன. இப்போது தடுமாறாமல் சொல்கிறாள்.

எந்தச் சொல்லையும் அது எந்தச் சொல்லோடு சேர்ந்து வருகிறது என்று பார்த்து எழுதுங்கள். மழைக்கு 'ஹெவி', காற்றுக்கு 'ஸ்ட்ராங்'. 'டிசிஷன்' என்றால் 'மேக்', 'ஹோம்வொர்க்' என்றால் 'டூ'. 'பிக் ரெயின்' என்றாலும் புரியும்தான், நேர்காணலில் உறுத்தும்.

அடுத்தது மறதி. ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர் தன்னையே சோதித்து 1885இல் எழுதினார்: படித்தது முதல் சில மணி நேரத்திலேயே வேகமாகக் கரைகிறது, பிறகுதான் மெதுவாகிறது. அதனால் ஒரே ராத்திரியில் பத்து முறை உருப்போடுவதைவிட மறுநாள் ஒருமுறை, மூன்று நாள் கழித்து ஒருமுறை, அடுத்த வாரம் ஒருமுறை என்று அர்த்தத்தை மூடிவைத்து நினைவுபடுத்திப் பாருங்கள்.

அரிய சொற்களின் பின்னால் ஓடவும் வேண்டாம். வங்காளத்தில் பணியாற்றிய ஆங்கிலக் கல்வியாளர் மைக்கேல் வெஸ்ட் 1953இல் வெளியிட்ட அடிப்படை ஆங்கிலச் சொற்பட்டியலில் இருப்பவை சுமார் 2,000 சொற்கள்தான். அவை வாயில் புரளட்டும், மற்றவை பிறகு வரும்.

பெற்றோருக்கு ஒன்று. இன்று எத்தனை வார்த்தை படித்தாய் என்று கேட்காதீர்கள். படித்த சொல்லை வைத்து இரண்டு வாக்கியம் சொல்லச் சொல்லுங்கள். உங்களுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, உட்கார்ந்து கேளுங்கள்.