8 கி.மீ. நடைப்பயிற்சித் தடம்: பிபியை நடப்பதற்கு முன்பே பாருங்கள்

தமிழகச் சுகாதாரத் துறையின் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டம் 2023 நவம்பர் 4 அன்று 38 மாவட்டங்களிலும் தொடங்கியது. மாவட்டந்தோறும் 8 கி.மீ. தடம், சென்னையில் அது பெசன்ட் நகர், அடையாறு பக்கம். மாதத்தின் முதல் ஞாயிறு காலை அங்கே மருத்துவ முகாம். மற்ற நாட்களிலும் யார் வேண்டுமானாலும் நடக்கலாம்.

8 கி.மீ. என்றால் சுமார் 10,000 காலடி என்று கணக்கு. ஒரு காலடிக்கு 65 செ.மீ. வைப்பவருக்கு அது 12,300 வரை போகும். முழுத் தூரமும் நடந்தே தீரவேண்டும் என்று விதி எதுவும் இல்லை.

ஆஸ்பத்திரிப் பக்கமே எட்டிப் பார்க்காதவர்கூட நடக்க வந்த இடத்தில் பிபி, சுகர் பார்த்துக்கொள்கிறார். முகாமின் உண்மையான பலன் அதுதான். ஆனால் பலரும் நடந்து முடித்து, வேர்வையோடு நேரே மேசைக்கு வந்து கையை நீட்டுகிறார்கள். அப்போது மேல் எண் ஏறியிருக்கும். சிறிது நேரம் கழித்துப் பார்த்தால் வழக்கத்தைவிட இறங்கியும் காட்டலாம். இரண்டுமே உங்கள் வழக்கமான பிபி அல்ல. சுகரும் நடந்தபின் குறையும்.

அதனால் பரிசோதனை முதலில், நடை பிறகு. அரை மணி நேரத்துக்குள் காபி குடித்திருக்கக் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்த்து, கால்மேல் கால் போடாமல் 5 நிமிடம் உட்காருங்கள். பட்டையைச் சட்டைக் கையின் மேல் சுற்ற விடாதீர்கள். கை நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும், பேச்சு வேண்டாம். சாப்பிட்டீர்களா என்பதையும் சொல்லுங்கள்.

பிபி 140/90 அல்லது அதற்கு மேல் வந்தால் இன்னொரு நாள் மறுபடி பார்க்க வேண்டும். ஒரே அளவில் மாத்திரையை முடிவு செய்ய மாட்டார்கள். சாப்பிட்ட நிலையில் சுகர் 140-ஐத் தாண்டினால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வெறும் வயிற்றில் பாருங்கள். அங்கே 126-ம் அதற்கு மேலும் சர்க்கரை நோய்க்கான எல்லை. நோய் உறுதியானால் மாத்திரை அங்கேயே இலவசம்.

இன்சுலின் போடுபவர்கள் வெறும் வயிற்றில் 8 கி.மீ. கிளம்பக் கூடாது. கை நடுக்கம், திடீர் வேர்வை, கண் இருட்டல் வந்தால் நின்று, பையில் வைத்திருக்கும் குளுக்கோஸையோ சர்க்கரையையோ வாயில் போடுங்கள். செருப்புக் கடித்த இடத்தையும் அன்றே பாருங்கள்.

மாதம் ஒரு ஞாயிறு மட்டும் நடந்தால் கணக்கு உதைக்கும். மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் இந்தத் தடம் 96 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம். வாரத்தில் 5 நாள், தினம் அரை மணி நடந்தால் சரியாக வரும். அதற்கு உங்கள் தெருவே போதும்.