டார்க் ஹியூமர்: தமிழில் எப்படிச் சொல்வது?

வேகமும் முரட்டுத்தனமும் கொண்ட ராக் இசையான 'பங்க்' பாடும் உள்ளூர்க் குழு ஒன்று புது ஆல்பம் வெளியிட்டால், அதை அறிமுகப்படுத்தி எழுதுகிறவர்கள் அடிக்கடி எடுத்தாளும் சொல் 'டார்க் ஹியூமர்'. சாவு, கடன், வேலையிழப்பு, போர் என்று பாடுபொருள் எல்லாம் கனமாக இருக்கும், ஆனாலும் கேட்கும்போது சிரிப்பு வந்துவிடும், சிரித்த கையோடு 'இதற்கா சிரித்தோம்' என்று ஒரு சங்கடமும் வரும். இந்தச் சிரிப்பும் சங்கடமும் ஒன்றாக வருவதுதான் டார்க் ஹியூமர். சங்கடமே வரவில்லை என்றால் அது சாதாரண நகைச்சுவை, அவ்வளவுதான்.

தமிழில் இதைக் 'கருப்பு நகைச்சுவை', 'இருண்ட நகைச்சுவை' என்றெல்லாம் எழுதுகிறார்கள். இரண்டிலும் எனக்கு உடன்பாடில்லை. ஏன் என்று சொல்வதற்கு முன், சொல் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம்.

'ஹியூமர்' இலத்தீனிலிருந்து வந்தது. அங்கே அதற்கு ஈரம், திரவம் என்று பொருள். பழைய ஐரோப்பிய மருத்துவத்தில் உடம்புக்குள் இரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என நான்கு திரவங்கள் ஓடுவதாகவும், அவற்றின் அளவுதான் ஒருவரின் குணத்தைத் தீர்மானிப்பதாகவும் நம்பினார்கள். அதனால் திரவத்தின் பெயர் மெல்ல மனநிலைக்கான பெயராகி, கடைசியில் வேடிக்கை உணர்வைக் குறிக்க வந்துவிட்டது. இதில் கரும்பித்தம் மிகுந்தவருக்கு வருவது தீராத சோகம் என்றார்கள். 'மெலன்கோலி' என்ற சொல்லுக்கே கிரேக்கத்தில் கரும்பித்தம் என்றுதான் பொருள். ஆக, 'கறுப்பு ஹியூமர்' என்பது ஒரு காலத்தில் துக்கத்தின் பெயராக இருந்திருக்கிறது.

இன்றைய பொருளில் இதை நிலைநிறுத்தியவர் பிரெஞ்சுக் கவிஞர் ஆந்த்ரே பிரெத்தோன். 1940இல் அவர் 'உமூர் நுவார்' என்ற பெயரில், அதாவது கறுப்பு நகைச்சுவை என்ற பெயரில், ஒரு தொகைநூல் கொண்டுவந்தார். அப்போது பிரான்ஸில் நாஜிகளுக்கு ஒத்துழைத்த விஷி அரசு அதைத் தடுத்துவிட்டதால், போர் முடிந்த பிறகுதான் அது மக்கள் கைக்குப் போனது. அந்தத் தொகையில் முன்னோடியாக அவர் நிறுத்தியது அயர்லாந்து எழுத்தாளர் ஜானதன் ஸ்விஃப்டை. அயர்லாந்தின் ஏழைகள் தங்கள் குழந்தைகளைப் பணக்காரர்களுக்கு உணவாக விற்றால் வறுமை தீரும் என்று, ஒரு பொருளாதார நிபுணரின் நிதானமான குரலில், கணக்கெல்லாம் போட்டு 1729இல் கட்டுரை எழுதியவர் அவர். கொடுமை செய்பவனின் குரலிலேயே பேசி அந்தக் கொடுமையை அம்பலமாக்குவது: இதுதான் இந்த வகையின் முக்கியமான உத்தி.

பங்க் இசைக்கும் இது இயல்பாகப் பொருந்தியதற்குக் காரணம் இருக்கிறது. 'பங்க்' என்ற சொல்லே ஒரு வசைதான். ஷேக்ஸ்பியர் காலத்தில் பாலியல் தொழிலாளியைக் குறித்து, பிறகு உதவாக்கரை, சில்லறை ரவுடி என்று பொருள் மாறி, 1970களில் ஒரு இசையின் பெயரானது. பாடல்களும் சுருக்கமானவை, ரமோன்ஸ் குழுவின் 1976ஆம் ஆண்டு முதல் ஆல்பத்தில் 14 பாடல்கள், மொத்தம் அரை மணி நேரம்கூட ஓடாது. அந்த வேகத்தில் விளக்கம் சொல்ல நேரமில்லை, கேட்பவர்தான் புரிந்துகொள்ள வேண்டும். சான் பிரான்சிஸ்கோவின் டெட் கென்னடிஸ் குழு 1980இல் ஏழைகளைக் கொன்றுவிடலாம் என்று ஒரு பாட்டுப் பாடியது. கட்டடத்துக்குச் சேதமில்லாமல் ஆட்களை மட்டும் ஒழிக்கும் நியூட்ரான் குண்டு வந்துவிட்டது, இனி கவலையில்லை என்று அதிகாரத்தில் இருப்பவர்களின் குதூகலத்தோடு அந்தப் பாட்டு போகும். ஸ்விஃப்ட் செய்த அதே வேலை, கிட்டார் இரைச்சலோடு.

சரி, தமிழுக்கு வருவோம். 'கருப்பு' என்றாலே தீயது, துக்கமானது என்று வைத்துச் சொல் உண்டாக்குவது எனக்குப் பிடிக்கவில்லை. தமிழ் அரசியலிலும் வாழ்விலும் கருப்புக்குப் பெருமிதமான இடம் இருக்கிறது. 'இருண்ட நகைச்சுவை' என்றால் ஏதோ புரியாத நகைச்சுவை போலப் படுகிறது. நிறத்தை விட்டுவிட்டு உணர்ச்சியைப் பிடித்தால் நம்மிடமே சொல் இருக்கிறது. தொல்காப்பியம் மெய்ப்பாடுகள், அதாவது உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிகள், எட்டைச் சொல்லும்போது 'நகையே அழுகை' என்றுதான் தொடங்குகிறது. நகைக்கு நிலைக்களமாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்ற நான்கையும், அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என்ற நான்கையும் தருகிறது. டார்க் ஹியூமர் என்ன செய்கிறது? அழுகைக்குரிய இழவிலிருந்தும் வறுமையிலிருந்தும் எள்ளலை எடுக்கிறது. அதனால் ஏற்கெனவே சிலர் புழங்கும் 'அவல நகைச்சுவை' என்பதே சரியான சொல் என்பேன். சுருக்கமாக 'அவல நகை' என்றும் சொல்லலாம். ஆனால் நகை என்றால் பலருக்கும் தங்கம்தான் முதலில் நினைவுக்கு வரும் என்பதால், முதல் தடவை முழுச் சொல்லையே எழுதுவது நல்லது.

இதை அங்கதம் என்று சொல்லக் கூடாதா என்று கேட்கலாம். அங்கதம் பழித்தலைக் குறிப்பது. தொல்காப்பியமே அதைச் செம்பொருள், கரந்தது என்று இரண்டாகப் பிரித்து, மறைத்துச் சொல்வதைப் பழிகரப்பு என்கிறது. புறநானூறு 95இல் ஔவையார் தொண்டைமானின் ஆயுதங்களை 'மாலை சூட்டி, நெய் பூசி, காவலில் இருக்கின்றன' என்று புகழ்வதுபோல் காட்டி, போரே காணாதவை என்று உணர்த்துகிறாரே, அதைப் பழிகரப்புக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். டெட் கென்னடிஸ் பாட்டில் அங்கதமும் உண்டு, அவலமும் உண்டு. ஆனால் எவரையும் பழிக்காமல் தன் சாவைத் தானே கிண்டலடிக்கும் பாட்டும் அவல நகைச்சுவைதான், அதை அங்கதம் என்று சொல்ல முடியாது.

அப்படித் தன் துன்பத்தைப் பார்த்துத் தானே சிரிப்பதற்கு ஜெர்மனில் 'கால்கன்ஹூமோர்', தூக்குமர நகைச்சுவை, என்று தனிச்சொல் உண்டு. உளப்பகுப்பாய்வாளர் ஃப்ராய்ட் 1927இல் எழுதிய கட்டுரையில், திங்கட்கிழமை தூக்குமேடைக்குப் போகும் ஒரு கைதி 'வாரம் நல்லாத்தான் தொடங்குது' என்கிறான். இதற்கு 'இடுக்கண் நகை' என்று வைக்கலாம் என்பது என் பரிந்துரை; 'இடுக்கண் வருங்கால் நகுக' என்ற குறள் பாதி வேலையைச் செய்து வைத்திருக்கிறது.

பங்க் என்பதை அப்படியே எழுதலாம், ஆல்பத்துக்கு இசைத்தொகுப்பு போதும். 'டார்க்லி ஹியூமரஸ் ஆல்பம்' என்று வந்தால் 'அவல நகைச்சுவை இழையோடும் இசைத்தொகுப்பு' என்று எழுதிப் பாருங்கள். பாடுகிறவர் தன் கஷ்டத்தையே பாடியிருந்தால் மட்டும் 'இடுக்கண் நகை'. எளியவர்களை மட்டம்தட்டிவிட்டு 'டார்க் ஹியூமர்தான்' என்று தப்பிக்கப் பார்க்கும் பாட்டுகளுக்கு இரண்டுமே வேண்டாம், அதற்குக் கேலி என்ற சொல்லே இருக்கிறது.