ஸ்டீம் கிளீனர்: ஆவி காட்டும் கருவிக்கு என்ன பெயர்?

தீபாவளிக்கு வீட்டை ஒழுங்குபடுத்தும்போதுதான் இந்தச் சொல் என்னிடம் வந்து மாட்டியது. சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனில் ஏறியிருந்த எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க ஸ்டீம் கிளீனர் ஒன்று வாங்கியிருந்தோம். பெட்டியில் இருந்த கையேட்டில் இந்தி இருந்தது, தமிழ் இல்லை. "இதுக்குத் தமிழ்ல என்னப்பா?" என்று மகள் கேட்டாள். "நீராவி..." என்று ஆரம்பித்துப் பாதியில் நின்றுவிட்டேன். ஸ்டீமுக்கு நீராவி, சரி. கிளீனருக்கு?

முதலில் ஆங்கிலச் சொல்லைப் பார்த்துவிடலாம். ஸ்டீம் என்பது எஞ்சின்கள் வருவதற்குப் பல நூற்றாண்டு முன்பே ஆங்கிலத்தில் புழங்கிய சொல். ஆவி, புகை, ஒரு பொருளிலிருந்து எழும் வாசனை என்று எல்லாவற்றுக்கும் அது பொதுவாக இருந்தது. டச்சு மொழியின் ஸ்டோம் அதற்கு உறவு. கிளீன் என்பதும் பழையதுதான். அதன் ஜெர்மன் பங்காளி க்ளைன், நேர்த்தி, நுண்மை என்றெல்லாம் நகர்ந்து இன்றைக்கு 'சிறிய' என்ற பொருளில் போய் உட்கார்ந்திருக்கிறது. அதனால் ஜெர்மானியர்கள் இந்தக் கருவிக்கு டாம்ப்ஃப்ரைனிகர் என்று வேறு சொற்களைக் கூட்டிக்கொண்டார்கள். டாம்ப்ஃப் என்றால் நீராவி. சுவரில் ஏறும் ஓதத்தை ஆங்கிலத்தில் டாம்ப் என்கிறோமே, அது இதே குடும்பம்.

இத்தாலியர்கள் கதை இன்னும் சுவாரசியம். அங்கே போல்ட்டி என்ற நிறுவனம் தன் கருவிக்கு வைத்த பெயர் வாப்போரெத்தோ. வெனிஸ் நகரத்துக் கால்வாய்களில் பயணிகளை ஏற்றிச் செல்லும் படகுக்கும் அதே பெயர்தான். 'சின்ன நீராவிக் கப்பல்' என்று பொருள். இப்போது அந்தப் படகுகள் பெரும்பாலும் டீசலில் ஓடுகின்றன. ஆவி போய்விட்டது, பெயர் மட்டும் மிதக்கிறது.

'ஆவி போய்விட்டது' என்று எழுதும்போதே தமிழில் வேறு ஒரு பொருள் வந்து நிற்கிறது, பார்த்தீர்களா? ஆவி என்பது நமக்கு மூச்சு, உயிர், உயிர் போன பிறகு அலைவதாகச் சொல்லப்படும் பேய், கொதிக்கும் பானையிலிருந்து எழுவது, எல்லாமும்தான். ஆவி துறந்தான் என்றால் இறந்தான். ஆவித்தல் என்றால் வாயைத் திறந்து மூச்சு விடுதல். கொட்டாவியில் இருப்பது அந்த ஆவிதான். சூடான மூச்சும் வெந்நீரின் மூச்சும் ஒரே பெயரைப் பெற்றதில் ஆச்சரியமில்லை. மார்கழி விடியற்காலையில் ஊட்டியில் நின்று வாயைத் திறந்தால் இரண்டும் ஒன்றுதான் என்று கண்ணுக்கே தெரியும்.

ஆனால் பெயர் வைக்கும்போது இந்த வளமே இடைஞ்சலாகிவிடுகிறது. 'ஆவித் தூய்மி' என்று ஒரு பெயரை யோசித்தேன். கருத்தில் பிழை இல்லை. ஆனால் கேட்பவர் காதில் மாந்திரீகர் விளம்பரம் மாதிரி விழும். போதாததற்குக் கத்தோலிக்கர்கள் வழிபாட்டில் சொல்வது தூய ஆவி. வேண்டாம், விட்டுவிடுவோம். 'நீர்' முன்னால் இருந்தே ஆக வேண்டும்.

நீராவியும் முழுக்கச் சிக்கல் இல்லாத சொல் அல்ல. அதற்குக் குளம் என்ற பொருளும் உண்டு. வாவி என்பது ஆவியாகத் தேய்ந்து நீரோடு சேர்ந்தது. ராமநாதபுரம் மாவட்டத்தில் கமுதிப் பக்கம் நீராவி என்றே ஓர் ஊர் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் நீராவியடி இருக்கிறது. அங்கேயெல்லாம் எதுவும் கொதிக்கவில்லை. இன்னொன்று, பள்ளிப் பாடத்தில் காற்றில் கலந்திருக்கும் ஈரமும் நீராவிதான், ரயில் எஞ்சினைத் தள்ளியதும் நீராவிதான். ஆங்கிலத்தில் முன்னதை வேப்பர், பின்னதை ஸ்டீம் என்று பிரித்துச் சொல்வார்கள். நம் சொல்லில் சூடு தானாக வராது. வாக்கியத்திலிருந்து நாம்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சூட்டைத் தன்னிடமே வைத்திருக்கும் சொற்களும் நம்மிடம் உண்டு. வேது பிடித்தல் என்பார்கள். சளிக்கு நொச்சி இலை போட்டுப் போர்வைக்குள் உட்கார்வது. புழுக்குதல் இருக்கிறது, நெல்லைப் புழுக்கினால் புழுங்கல் அரிசி, ஊரைப் புழுக்கினால் சென்னையின் மே மாதம். ஆனால் இவை எதுவும் அழுக்கு எடுக்கும் வேலையோடு சேர்ந்ததில்லை.

இந்தக் கருவி என்ன செய்கிறது என்று தெரிந்தால்தான் பெயரைப் பற்றிப் பேச முடியும். உள்ளே ஒரு சிறிய கொதிகலன். நம் குக்கர் சுமார் 1 பார் அழுத்தத்தில் 120 டிகிரி செல்சியஸை எட்டும். கொதிகலன் வைத்த ஸ்டீம் கிளீனர்கள் பொதுவாக 3 முதல் 5 பார் வரை போகும். 3 பாரிலேயே உள்ளே 140 டிகிரியைத் தாண்டிவிடும். 1500 வாட் கருவி என்றால், ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர மூன்றரை நிமிடம் போதும். ஆனால் அந்த ஒரு லிட்டர் முழுவதையும் ஆவியாக்கக் கிட்டத்தட்ட 25 நிமிடம் வேண்டும். கொதிக்கவைக்கும் செலவைவிட ஆவியாக்கும் செலவு அத்தனை மடங்கு பெரியது. கருவியின் சாமர்த்தியம் முழுக்க இதில்தான் இருக்கிறது. அந்த 25 நிமிட வெப்பம் ஆவிக்குள் ஒளிந்திருந்து, குளிர்ந்த டைல்ஸில் பட்டுத் தண்ணீராக மாறும் கணத்தில் மொத்தமாக இறங்குகிறது. பிசுக்கு உருகி வழிவது அதனால்தான். வெந்நீர் பட்ட கையைவிட இட்லிக் கொப்பரை ஆவி பட்ட கை அதிகம் வெந்துபோவதும் இதே கணக்கு.

கெட்டில் கொதிக்கும்போது அதன் மூக்கைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். மூக்குக்கும் வெண்புகைக்கும் நடுவே விரல் அகலத்துக்கு எதுவுமே தெரியாத இடைவெளி ஒன்று இருக்கும். உண்மையான நீராவி அங்கேதான் இருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாது. வெள்ளையாகத் தெரிவது ஏற்கெனவே ஆறிப்போன நீர்த்துளிகள். கருவியை ஓரடி தள்ளிப் பிடித்துக்கொண்டு வெண்மேகத்தை ரசிப்பவர் சுவரைத் தடவிக்கொடுக்கிறார், அவ்வளவுதான். முனை பரப்பை ஒட்டி இருக்க வேண்டும், மெதுவாகவும் நகர வேண்டும். மூட்டைப்பூச்சிக்குக் கட்டில் இடுக்கில் அடிப்பவர்கள் அவசரப்பட்டால் பூச்சிக்குக் குளியல்தான் கிடைக்கும்.

சரி, கிளீனருக்கு வருவோம். உண்மையான சிக்கல் இங்கேதான்.

ஆங்கிலத்தில் கிளீன் என்ற ஒற்றை வினை வீடு முழுக்கச் சுற்றிவருகிறது. தமிழ் வீட்டில் அப்படியில்லை. தரையைப் பெருக்குகிறோம் அல்லது கூட்டுகிறோம், பிறகு துடைக்கிறோம். பாத்திரத்தை விளக்குகிறோம், துலக்குகிறோம். வாசலை மெழுகினோம். துணியைத் துவைத்து, அலசி, வெளுக்கிறோம். கையைக் கழுவுகிறோம், டம்ளரை அலம்புகிறோம். பரணை ஒட்டடை அடிக்கிறோம். எதை, எதனால் என்பது வினையிலேயே இருக்கிறது. துடைப்பத்தின் இன்னொரு பெயரான விளக்குமாறு என்ற சொல்லைப் பிரித்தால் விளக்கும் மாறு. துலக்கித் துப்புரவாக்கும் குச்சிக் கட்டு. ஏற்றும் விளக்குக்கு அங்கே வேலையே இல்லை. (மாறு என்ற சொல் தனியாக இன்று அருகிவிட்டது, ஈர்க்குமாறு, விளக்குமாறு என்று வால் மட்டும் மிஞ்சியிருக்கிறது.)

எல்லாவற்றையும் அடக்கும் பொதுச்சொற்கள் மூன்று கிடைக்கின்றன. சுத்தம் வடமொழியிலிருந்து வந்து வீட்டுச் சொல்லாகிவிட்டது. தூய்மை பழந்தமிழ், ஆனால் பேச்சில் கொஞ்சம் மேடை ஏறி நிற்கும். துப்புரவு என்பது நகராட்சியின் சொல்லாகிவிட்டது. இந்த மூன்றில் துப்புரவுக்குத்தான் நல்ல பூர்வகதை உண்டு. திருக்குறளில் நல்குரவு அதிகாரத்தின் கடைசிக் குறள் 'துப்புர வில்லார் துவரத் துறவாமை' என்று தொடங்கும். அங்கே துப்புரவில்லார் என்றால் குளிக்காதவர்கள் இல்லை. நுகர ஒன்றும் இல்லாத ஏழைகள். உண்ணவும் அனுபவிக்கவும் உரிய பொருள்களைக் குறித்த சொல், பிற்காலத்தில் தூய்மை பக்கம் சாய்ந்துவிட்டது. சொல்லும் குடி பெயரும்.

இந்தப் பொதுச்சொற்களை வைத்து இணையத்திலும் மொழிபெயர்ப்புகளிலும் பார்க்கக் கிடைப்பவை நீராவிச் சுத்திகரிப்பான், நீராவித் தூய்மிப்பான், நீராவி சுத்தப்படுத்தி. சுத்திகரிப்பு என்றதும் எனக்கு மணலி எண்ணெய் ஆலையும் குடிநீர் நிலையமும்தான் நினைவுக்கு வருகின்றன. எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு அவ்வளவு பெரிய வார்த்தை எதற்கு? 'கழுவி' என்று சுருக்கினால் இன்னொரு தொல்லை: கழுவி, உறிஞ்சி என்பவை பெயராகவும் வரும், எச்சமாகவும் வரும். 'நீராவிக் கழுவி வாங்கினேன்' என்றால், கழுவிவிட்டு எதை வாங்கினாய் என்று கேட்பார்கள்.

கருவியின் வேலைக்கு மிக நெருக்கமாக எனக்குப் பட்டது அழுக்கிளக்கி. நீராவி அழுக்கை எடுப்பதில்லை, இளக்க மட்டுமே செய்கிறது. எடுப்பது பின்னால் வரும் துணிதான். சொல் துல்லியமாகத்தான் இருக்கிறது. மனைவியிடம் சொன்னேன். "மலமிளக்கி மாதிரி இருக்கு" என்றாள். அத்தோடு அதுவும் போயிற்று.

இத்தனை தேடியும், ஆவியையும் அழுக்கையும் சேர்த்துச் சொல்லும் தமிழ்ச் சொல் ஒன்று எப்போதோ இருந்திருக்கிறது என்பது தாமதமாகத்தான் உறைத்தது. வெள்ளாவி. வெளுக்கவைக்கும் ஆவி. எங்கள் ஊரில் குளத்தங்கரை ஓரம் மண்ணில் புதைத்த பெரிய பானை இருந்தது. அழுக்குத் துணிகளை உவர்மண் கரைத்த நீரில் முக்கிப் பிழிந்து, பானை வாய்மேல் வளையம் வளையமாக அடுக்கிக் கோபுரம்போல ஏற்றி, மேலே ஒரு பழைய துணியால் மூடுவார்கள். கீழே கருவேல முள்ளும் பனைமட்டையும் எரியும். இரவு முழுக்க ஆவி அந்தத் துணிக்கோபுரத்துக்குள் ஏறிக்கொண்டே இருக்கும். உவர்மண்ணில் உள்ள காரம் எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்பாக மாற்ற, சூடு அதை இளக்க, காலையில் கல்லில் நாலு அடி போதும். அந்த வேலையை ஒரே சாதிக்காரர்கள் தலையில் கட்டி, கூலிக்குப் பதில் சோறும் தானியமும் கொடுத்த ஊர்தான் அது. வெள்ளாவியின் வெள்ளை யார் வேர்வையில் வந்தது என்பதை மறைத்துவிட்டுச் சொல்லை மட்டும் கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. இந்தச் சொல்லை டைல்ஸுக்கு இழுத்தால் ஒட்டவும் ஒட்டாது. வெள்ளாவி துணிக்கு உரியது. தேவைப்பட்டால் துணிச் சுருக்கம் எடுக்கும் கார்மென்ட் ஸ்டீமருக்கு அதிலிருந்து பெயர் பிறக்கலாம்.

ஆனால் வெள்ளாவி எனக்கு வேறொன்றைச் சொல்லிக்கொடுத்தது. 'வெள்ளாவி வைத்தான்' என்பார்கள். துணியை ஆவியில் வைப்பது. சளிக்கு ஆவி பிடிக்கிறோம். அப்படியானால் நாமே ஆவியைக் கொண்டுபோய் ஒரு பொருளில் படவைத்தால்? ஆவி காட்டுகிறோம்! சாம்பிராணி காட்டுகிறோம், வெயிலில் காட்டுகிறோம், நெருப்பில் காட்டுகிறோம். சின்ன வயதில் உறையிலிருந்து தபால்தலையைக் கிழியாமல் எடுக்க, டீ கொதிக்கும் சட்டிக்கு மேல் 'ஆவி காட்டு' என்றுதான் அண்ணன் சொல்வார். இரண்டு நிமிடத்தில் பசை இளகும், தலை கழன்று வரும்.

அந்தப் பாடத்தை நான் மறந்ததுதான் பிழை. ஃபேன் பளபளத்த உற்சாகத்தில் பூஜை அலமாரிக் கதவுக்கும் ஆவி காட்டினேன். சந்தனக் கறை போனது. மறுநாள் பார்த்தால் சன்மைக்காவின் ஓரம் தபால்தலையைப் போலவே மேலெழும்பி நின்றது. பசையில் அழுக்கு எது, ஒட்டு எது என்று ஆவிக்குத் தெரியாது. பாலிஷ் போடாத மரம், டிஸ்டெம்பர் சுவர், சுவிட்ச் போர்டு, இவற்றின் பக்கமே போகக்கூடாது. டைல்ஸ் இடுக்கு, சிங்க், கேஸ் அடுப்பு, குளியலறைக் குழாய், இங்கெல்லாம் தாராளமாகப் போகலாம். போர்வெல் தண்ணீரை ஊற்றினால் கொதிகலனில் உப்பு படிந்து ஆறு மாதத்தில் மூக்கு அடைக்கும், ஆர்.ஓ. தண்ணீர் நல்லது. 1500 வாட்டுக்கு 6 ஆம்பியர் பிளக் தாங்காது, 16 ஆம்பியரில்தான் சொருக வேண்டும். சூடு ஆறாமல் மூடியைத் திறக்கக்கூடாது என்பதைக் குக்கர் வைத்த வீட்டில் விளக்க வேண்டியதில்லை.

பெயர் விஷயத்தில் நான் வந்து சேர்ந்த இடம் இது. நீளக் கம்பும் அடியில் துணியும் உள்ள வகை, அதாவது ஸ்டீம் மாப், நீராவித் துடைப்பான். வினை அதிலேயே இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. கையில் பிடித்து அடிக்கும் வகையை எழுத்தில் நீராவித் துப்புரவுக் கருவி என்று எழுதலாம். நீளம்தான், ஆனால் கையேட்டில் படித்தால் புரியும். கடையில் ஸ்டீம் கிளீனர் என்றே கேளுங்கள். ஸ்டீமர் என்று மட்டும் கேட்டால் ஆவி பிடிக்கும் டப்பாவையோ இட்லிப் பாத்திரத்தையோ எடுத்துக் கொடுப்பார்கள்.

வீட்டில் பெயரே தேவைப்படவில்லை. "நீ ஜன்னல் கம்பிக்கு ஆவி காட்டு, நான் பின்னாலேயே துடைச்சிட்டு வரேன்" என்று மகளிடம் மனைவி சொல்லிக்கொண்டிருக்கிறாள்.