கொஞ்சத் தெரியாமல் வளர்ந்தவர்கள்

அம்மா நேரத்துக்குச் சாப்பாடு போடுவார், ஆனால் ஒருநாளும் மடியில் வைத்துக் கொஞ்சியதில்லை. கனடாவின் மானிடோபாவில் மனநல ஆலோசகராக இருக்கும் நான் பூர்வகுடிக் குடும்பங்களில் அடிக்கடி கேட்கும் குறை இது.

அந்த அம்மாவை யார் கொஞ்சினார்கள் என்று பார்த்தால்தான் விஷயம் விளங்கும். சின்ன வயதிலேயே உறைவிடப் பள்ளிக்குக் கொண்டுபோகப்பட்டவர் அவர். அங்கே முடியை வெட்டினார்கள், எண் சொல்லிக் கூப்பிட்டார்கள், தாய்மொழியில் பேசினால் அடித்தார்கள். அண்ணனையும் தங்கையையும் பேசிக்கொள்ள விடவில்லை. அரசு பணம் கொடுக்க, தேவாலயங்கள் நடத்திய பள்ளிகள் இவை. 1920இல் சட்டம் போட்டே கட்டாயமாக்கினார்கள். போன பிள்ளைகள் 1,50,000க்கும் மேல், ஆயிரக்கணக்கானோர் திரும்பவில்லை. காசநோய்ச் சாவுகளைப் பற்றி அரசு மருத்துவ அதிகாரி பீட்டர் பிரைஸ் 1907லேயே அறிக்கை கொடுத்தும் அரசு அசையவில்லை. கடைசிப் பள்ளிகளை மூடியது 1990களின் பிற்பகுதியில்தான். என்னைவிட இளையவர்கள்கூட அங்கே இருந்திருக்கிறார்கள்.

மணியடித்தால் எழுந்து, மணியடித்தால் படுத்து வளர்ந்தவர் தன் பிள்ளையை எப்படி வளர்ப்பார்? சிலரை வலி குடிக்குள் தள்ளியது. அதைக் காரணம் காட்டி அரசு அவர்கள் பிள்ளைகளையும் எடுத்துக்கொண்டது. 2021 கணக்கெடுப்பில், நாட்டின் 14 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பூர்வகுடியினர் 8 சதவீதத்துக்கும் குறைவு. வளர்ப்பு வீடுகளில் இருப்பவர்களில் பாதிக்கும் மேல்.

இந்தக் காயம் ஆறும் வழி அவர்களிடமே இருக்கிறது. மூத்தவர்களோடு வட்டமாக உட்கார்ந்து பேசுவது, மூலிகைப் புகை, பேரப்பிள்ளையோடு சேர்ந்து மொழியை மீண்டும் படிப்பது. இப்படிச் சமூகங்களே நடத்திய திட்டங்களுக்கு உதவ 1998இல் ஒரு குணமாக்கல் அறக்கட்டளை வந்தது. 2010இல் அதற்கான அரசு நிதியை நிறுத்தினார்கள், 2014இல் மூடியே விட்டார்கள். எனக்கு இன்றும் எரிச்சலூட்டும் முடிவு அது.

என் அறையில் 'பள்ளியில் என்ன நடந்தது' என்று நான் தொடங்குவதில்லை. நஷ்ட ஈட்டு விசாரணையில் பட்ட கொடுமையை விவரமாகச் சொல்லி, தொகையை முடிவுசெய்ய அதற்குப் புள்ளி போடப்பட்டதைப் பார்த்தவர்கள் இவர்களில் பலர். அவர்களாகச் சொல்லட்டும்.

2008இல் பிரதமர் ஹார்ப்பர் மன்னிப்புக் கேட்டார், 2022இல் போப் பிரான்சிஸ் கேட்டார். ஒரே வீட்டில் அக்கா அழுவார், தம்பி டிவியை அணைத்துவிட்டுப் போவார். இரண்டுமே சரிதான். 'நடந்தது நடந்துபோச்சு, மன்னித்துவிடுங்கள்' என்று நாம் சொல்லக் கூடாது. இந்தப் பள்ளிகளைப் பற்றி விசாரித்த, மரே சின்கிளேர் தலைமையிலான ஆணையம் 2015இல் வைத்த 94 கோரிக்கைகளும் அரசையும் நிறுவனங்களையும் மற்றக் கனடியர்களையும் நோக்கியவை. அதில் கடைசியானது குடியுரிமை உறுதிமொழி பற்றியது. 2021இலிருந்து அதில் பூர்வகுடிகளின் உரிமைகளும் உண்டு. அப்புறம் குடியுரிமை வாங்கிய தமிழர்களும் அதைச் சொல்லித்தான் வாங்கினோம்.

முதியோர் இல்லங்களில் வேலை செய்யும் தமிழர்களுக்கு ஒரு வார்த்தை: பூர்வகுடிப் பாட்டி ஒருவர் குளிக்க மறுத்தால், கதவைச் சாத்தினால் பதறினால், அடம்பிடிக்கிறார் என்று குறிப்பேட்டில் எழுதிவிடாதீர்கள். முடி வெட்டுவதற்கு முன் கட்டாயம் கேளுங்கள். உறைவிடப் பள்ளியிலிருந்து மீண்டவர்களும் அவர்கள் குடும்பத்தாரும் 24 மணி நேரமும் அழைக்க ஓர் உதவி எண் இருக்கிறது: 1-866-925-4419. அதை எழுதிக் கட்டிலருகே வைத்துவிடுங்கள்.