அதே பாட்டு, அன்று கேட்காத மூச்சு

1985-இல் மதுரை டவுன் ஹால் ரோடு பக்கம் ஒரு ரெக்கார்டிங் கடை இருந்தது. பாட்டுப் பட்டியலை எழுதிக் கொடுத்து, 60 நிமிடக் கேசட்டா 90 நிமிடக் கேசட்டா என்று சொல்லிவிட்டு வந்தால் நான்கு நாளில் பதிவு செய்து வைத்திருப்பார்கள். எல்லோரும் சினிமாப் பாட்டுக்குப் பட்டியல் கொடுத்த அந்தக் கடையில், ஒரு எல்பி ரெக்கார்டின் அட்டையைப் பார்த்துவிட்டு நான் அப்படியே நின்றுவிட்டேன். கண்ணாடிக் குமிழ் போல ஒரு ஹெலிகாப்டர், உள்ளே வெள்ளை உடுப்பில் நான்கு பேர். ஸ்வீடன் நாட்டு அபா குழுவின் 'அரைவல்', 1976 அக்டோபரில் வந்த ஆல்பம். அதை கேசட்டில் பிடித்துக் கொடுத்த கடைக்காரர், முதுகில் பேனாவால் "அப்பா" என்று எழுதித் தந்தார். ரொம்ப நாள் அம்மா அது அப்பாவுடைய கேசட் என்றே நினைத்து, அவருடைய சீர்காழி கோவிந்தராஜன் கேசட்டுகளோடு சேர்த்து அடுக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

போன சித்திரையில் கே.கே. நகரில் ஒரு நண்பர் வீட்டில் அதே ஆல்பத்தைத் திரும்பக் கேட்டேன். ஆல்பத்தின் 40-ஆம் ஆண்டை ஒட்டி 2016-இல் வந்த மறுபதிப்பு அது. லண்டன் அபே ரோடு ஸ்டுடியோவில் மைல்ஸ் ஷோவெல் என்ற பொறியாளர் தட்டின் ஒலிப்பள்ளங்களைப் புதிதாக வெட்டியது. அன்று ஒரே தட்டில் இருந்த பத்துப் பாட்டும் இப்போது இரண்டு தட்டில். ஊசியை வைப்பதற்கு முன்னால் நண்பர் எழுந்துபோய் ஃபேனை நிறுத்தினார். அந்த வெக்கையில் எதற்கு என்று கேட்பதற்குள் பாட்டு தொடங்கிவிட்டது. பல்லவிக்கு ஒரு நொடி முன்னால், இரண்டு பெண்கள் ஒன்றாக மூச்சு இழுக்கும் சத்தம். அத்தனை வருடமாக மனப்பாடமாகத் தெரிந்த பாட்டு. அந்த மூச்சு என் கேசட்டில் இருந்ததே இல்லை.

புதிதாகச் சேர்த்திருப்பார்களோ என்றுதான் முதலில் தோன்றியது. இல்லை. பாடிய அன்றைக்கே அது நாடாவில் பதிந்துவிட்டது. அதற்கும் என் காதுக்கும் நடுவே எத்தனை நகல்கள் நின்றன என்று எண்ணிப் பார்த்தால் விஷயம் விளங்கும்.

அந்தக் காலத்து ஸ்டுடியோக்களில் குரல்களும் வாத்தியங்களும் இரண்டு அங்குல அகல நாடாவில் தனித்தனித் தடங்களாகப் பதிவாகும். பிறகு எல்லாவற்றையும் கலந்து, இடது வலது என்று இரண்டே தடமாக இன்னொரு நாடாவில் இறக்குவார்கள். அதுதான் மாஸ்டர். வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குப் பெரும்பாலும் மாஸ்டரின் நகல்தான் போகும். அந்த நகலில் இருந்து எல்பி. ஊசி பல நூறு தடவை உழுத அந்த எல்பியில் இருந்து என் கேசட். நகல் எடுக்கும் ஒவ்வொரு தடவையும் நாடாவின் இரைச்சல் ஏறும். ஒரே தரமுள்ள நாடாவில் ஒரு முறை நகல் எடுத்தாலே இரைச்சலின் சக்தி இரட்டிப்பாகும். அதாவது 3 டெசிபல் கூடும்.

கேசட்டின் சிக்கல் இதோடு முடியவில்லை. நாடா என்பது பாலியெஸ்டர் பட்டை மேல் ஒட்டிய இரும்பு ஆக்சைடுத் துகள்கள். ஒவ்வொரு துகளும் ஒரு குட்டிக் காந்தம். ஒலி அலையின் ஏற்ற இறக்கம் அந்தக் காந்தங்களின் திசையாக நாடா நெடுகப் பதிகிறது. நாடா எவ்வளவு வேகமாக ஓடுகிறதோ, ஒரு அலைக்கு அவ்வளவு நீளமான இடம் கிடைக்கும். ஸ்டுடியோ நாடா நொடிக்கு 38 சென்டிமீட்டர் ஓடும், சில இடங்களில் அதற்கும் இரண்டு மடங்கு. கேசட் ஓடுவது நொடிக்கு 4.76 சென்டிமீட்டர். 10,000 ஹெர்ட்ஸ் ஒலி, அதாவது நொடிக்கு 10,000 தடவை அதிரும் ஒலி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் ஒரு அலை ஸ்டுடியோ நாடாவில் 38 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்) இடம் பிடிக்கும், கேசட்டில் ஐந்து மைக்ரான்கூட இல்லை. தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்கைவிடச் சிறியது. நாடாவில் உரசி அதைப் படிக்கும் காந்தமுனையான ஹெட்டில் உள்ள இடைவெளியும் கிட்டத்தட்ட அந்த அளவை நெருங்கிவிட்டால், அலையின் மேடும் பள்ளமும் ஒரே சமயத்தில் அதில் விழுந்து ஒன்றை ஒன்று அழித்துவிடும். உச்ச ஒலிகள் முதலில் சாவது இப்படித்தான்.

ஹெட் நாடாவுக்குச் சரியாகச் செங்குத்தாக நிற்க வேண்டும் என்பது இன்னொன்று. மயிரிழை சாய்ந்தாலும் நாடாவின் மேல் ஓரமும் கீழ் ஓரமும் வேறு வேறு நேரத்தில் படிக்கப்படும். எங்கள் வீட்டு டூ இன் ஒன்னில் ஒரே ஸ்பீக்கர். இடதும் வலதும் ஒன்றாகக் கலந்துதான் வரும். நேரம் தப்பிய இரண்டு தடங்கள் கலந்தால் உச்ச ஒலிகள் ஒன்றையொன்று தின்றுவிடும். அன்றைக்குக் கேசட் கேட்டவர்களுக்கு ஞாபகம் இருக்கும்: மூடியில் இருக்கும் சின்ன ஓட்டை வழியாக ஸ்க்ரூ டிரைவரை விட்டு ஹெட் ஸ்க்ரூவைத் திருப்பினால், போர்வைக்குள் பாடிக்கொண்டிருந்தவர் திடீரென்று வெளியே வந்ததுபோல் இருக்கும். ஸ்டுடியோவில் மாஸ்டர் நாடாவை எடுத்ததும் செய்யும் முதல் வேலைகளில் அதே வேலையும் ஒன்று. நாடாவின் தொடக்கத்தில் பதிந்து வைத்திருக்கும் சோதனை ஒலிகளை ஓடவிட்டு, அளவுமானியைப் பார்த்து ஹெட்டின் சாய்வைச் சரிசெய்வார்கள்.

இப்போது மூச்சுக்கு வருவோம். மூச்சு சுருதி இல்லாத ஒலி, மெல்லியது. 'ஸ', 'ஷ' போன்ற எழுத்துகளைப்போல அதுவும் மேல்ஸ்தாயிப் பக்கமே அதிகம் பரவும். நாடாவின் 'உஸ்ஸ்' சத்தமும் அதே குணம் உள்ளதுதான். ஒரே மாதிரியான இரண்டு ஒலிகளில் பெரியது சின்னதை மூடிவிடும். காது சோம்பலாக இருப்பதால் அல்ல. உள்காதில் அருகருகே உள்ள ஒலிகளுக்கு ஒரே பகுதி நரம்புகள்தான் வேலை செய்கின்றன, பெரிய ஒலி அவற்றை ஏற்கெனவே ஆக்கிரமித்துவிடுகிறது. நண்பர் ஃபேனை நிறுத்தியதும் இதற்காகத்தான்.

ஆனால் என்னை அந்த இரவு தூங்கவிடாதது மூச்சு அல்ல, பல்லவி. பள்ளிக்கூட நாளில் அதை ஒரு பெரிய கோஷ்டி பாடுகிறது என்று நினைத்திருந்தேன். அபா நான்கே பேர். அவர்களுடைய முதல் எழுத்துகளே குழுவின் பெயர். முன்னால் நின்று பாடியது அக்னெத்தா, அன்னி-ஃப்ரீட் என்ற இரண்டு பெண்கள். அப்படியானால் அந்தக் கோஷ்டி எங்கிருந்து வந்தது?

மீனாட்சி அம்மன் கோயிலில் இரண்டு நாதஸ்வரம் சேர்ந்து ஒலிக்கக் கேட்டிருப்பீர்கள். ஒரே சுரத்தைத்தான் இருவரும் ஊதுகிறார்கள், ஆனாலும் சத்தம் வெறுமனே இரட்டிப்பாவதில்லை. அகலமாகிறது, உயிர் வந்து அசைகிறது. ஒருவர் 440 ஹெர்ட்ஸிலும் மற்றவர் 442 ஹெர்ட்ஸிலும் ஊதினால், நொடிக்கு இரண்டு தடவை அலைகள் கூடிப் பிரியும். இந்தக் கூடலும் பிரிதலும் ஒவ்வொரு சுரத்திலும் மாறிக்கொண்டே இருப்பதால்தான் காது "பல பேர்" என்று முடிவு செய்கிறது. ஒரே பதிவை அச்சு அசலாக இரண்டு தடவை சேர்த்தால் இது நடக்காது, சத்தம் மட்டும்தான் கூடும்.

அபாவின் ஒலிப்பொறியாளர் மைக்கேல் ட்ரெட்டோவ் இதை நாடாவின் வேகத்தை வைத்துச் சாதித்தார். ஒரு தடவை பாடியாகிவிட்டது. அடுத்த தடவை நாடாவைத் துளி வேகம் மாற்றி ஓடவிட்டு, அதோடு சேர்ந்து மறுபடி பாட வைப்பார். பிறகு எல்லாவற்றையும் சாதாரண வேகத்தில் போட்டால், இரண்டாவது குரலின் சுருதி மயிரிழை நகர்ந்திருக்கும். நகர்வது சுருதி மட்டும் அல்ல. தொண்டையும் வாயும் சேர்ந்து ஒரு குரலுக்குத் தரும் சாயலும் கூடவே நகரும். பாட்டரி இறங்கிய டேப்பில் பெண் குரல் ஆண் குரலாகிப்போவதைக் கேட்டிருக்கிறோமே, அதையே கண்ணுக்குத் தெரியாத அளவில் செய்வது. அதே பெண்தான் பாடினாள். காதுக்கு அவளைவிடக் கொஞ்சம் சின்ன உருவமுள்ள இன்னொருத்தி பக்கத்தில் நிற்கிறாள். இப்படி அடுக்கடுக்காகச் சேர்த்தால் இரண்டு பேர் ஒரு மண்டபத்தை நிறைப்பார்கள். இன்றைக்கும் இதைவிட அழகான ஒரு ஸ்டுடியோ உத்தியை எனக்குத் தெரியாது.

என் கேசட்டில் இந்த அடுக்குகள் எல்லாம் ஒட்டி ஒரே தடித்த குரலாகிவிட்டன. அடுக்குகளைப் பிரித்துக் காட்டும் சின்னச் சின்ன வித்தியாசங்கள் மேல்ஸ்தாயியில்தான் இருந்தன, கேசட் கைவிட்டதும் அதைத்தான். மறுபதிப்பில் அவை பிரிந்து நின்றன. கண்ணை மூடினால் ஒவ்வொரு குரலும் எந்த இடத்தில் நிற்கிறது என்று விரலால் காட்டலாம்.

பழைய மாஸ்டரை எடுத்துச் சரிசெய்து மறுபதிப்புக்குத் தயாராக்கும் இந்த வேலைக்கு ரீமாஸ்டர் என்று பெயர். ரீமாஸ்டர் என்றால் பாட்டைத் திரும்பக் கலப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அது ரீமிக்ஸ், வேறு வேலை. கொதித்து இறங்கிய குழம்பில் கரைந்த புளியைத் திரும்ப எடுக்க முடியாது. உப்பு, காரம் பார்த்துச் சரிசெய்யலாம். மாஸ்டரிங் செய்பவர் கையில் இருப்பது அவ்வளவுதான். அடிநாதம் எங்கே கனக்கிறது, எங்கே குரல் கூசுகிறது, ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் சத்தம் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார். கணினியை வைத்துக் கலந்த குரலையே தனியே பிரித்தெடுப்பதும் இப்போது நடக்கிறது, 2022-இல் பீட்டில்ஸ் ஆல்பம் ஒன்றுக்கு அப்படிச் செய்தார்கள். அது தனிக் கதை.

ரீமாஸ்டரின் பாதி உயிர் நல்ல நாடா கிடைப்பதில் இருக்கிறது. எழுபதுகளில் வந்த சில வகை நாடாக்களில் துகள்களைப் பிடித்து நிற்கும் பசை காற்றின் ஈரத்தை இழுத்து, பிசுபிசுத்துப்போகும். அப்படியே ஓட்டினால் இசை பழுப்பு மாவாக ஹெட்டில் உரிந்து வந்துவிடும். அதற்கு வைத்தியம், நாடாவைச் சுமார் 54 டிகிரி செல்சியஸ் சூட்டில் பல மணி நேரம் வைத்து எடுப்பது! ஈரம் விலகிப் பசை தற்காலிகமாக இறுகும். அந்த அவகாசத்துக்குள் ஓட்டிக் கணினியில் பிடித்துவிட வேண்டும்.

எல்பி தட்டுக்கும் ஒரு பலவீனம் உண்டு. தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று. வெளி ஓரத்தில் ஊசியின் அடியில் நொடிக்குச் சுமார் 50 சென்டிமீட்டர் பள்ளம் ஓடும். பாட்டு உள்ளே போகப் போக வட்டம் சிறுத்து, கடைசியில் 21 சென்டிமீட்டர் அளவுக்கு வந்துவிடும். அதே ஒலியைப் பாதிக்கும் குறைவான நீளத்தில் திணிக்க வேண்டியிருப்பதால், பக்கத்தின் கடைசிப் பாட்டில் குரல் கரகரக்கும். 'அரைவல்' ஆல்பத்தில் இரண்டாம் பக்கத்தின் கடைசி உருப்படி வார்த்தையே இல்லாமல் குரல்களின் ஆலாபனையாக நகர்வது. மிக மென்மையான அந்த இசைக்கு வாய்த்ததோ தட்டிலேயே மோசமான இடம். என் கேசட்டில் அது வண்டு இரைவது போலத்தான் கேட்கும். சிறு வயதில் அதைத் தாண்டி ஓட்டிவிடுவேன்.

மறுபதிப்பில் இதற்கு இரண்டு வழி செய்திருக்கிறார்கள். தட்டு 45 சுற்றில் ஓடுகிறது; ஒரு பக்கத்துக்கு இரண்டு மூன்று பாட்டு மட்டும். ஒவ்வொரு அலைக்கும் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் நீளம். அப்புறம், தட்டை வெட்டும்போது இயந்திரத்தைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு, மூல ஒலியையும் பாதி வேகத்திலேயே கொடுக்கிறார்கள். வெட்டும் ஊசிக்கு 10,000 ஹெர்ட்ஸ் ஒலி 5,000 ஆகத் தெரியும், பதறாமல் செதுக்கும். நான்கு நிமிடப் பாட்டை வெட்ட எட்டு நிமிடம். அன்று நண்பர் வீட்டில் அந்தக் கடைசி உருப்படியை மூன்று தடவை போடச் சொன்னேன்.

எல்லா ரீமாஸ்டரும் இப்படி அமைவதில்லை. கும்பாபிஷேகத் திருப்பணி என்று சொல்லிப் பல கோயில்களில் தூண்கள் மேல் மணலைப் பீய்ச்சிச் சுத்தம் செய்தார்கள். அழுக்கோடு சிற்பத்தின் நகமும் புருவமும் போயின. இரைச்சலை நீக்கும் மென்பொருளை அளவுக்கு மீறிப் பயன்படுத்தினால் இதுவேதான் நடக்கும். பாட்டு இல்லாத இடத்தில் இரைச்சலின் சாயலைப் படித்துக்கொண்டு, பாட்டு முழுவதிலும் அதைக் கழிப்பது அந்த மென்பொருளின் வேலை. இரைச்சலும் மூச்சும் ஒரே மாதிரி என்று மேலே சொன்னேன் அல்லவா, மூச்சும் சேர்ந்து கழிந்துவிடும். கொஞ்சம் 'உஸ்ஸ்' இருக்கும் பதிப்பைக் கண்டால் நான் நம்புகிறேன். இன்னொரு கெடுதல், மெல்லிய இடங்களை எல்லாம் தூக்கி, உச்சங்களை வெட்டி, முழுப் பாட்டையும் ஒரே உரப்பில் வைப்பது. தொண்ணூறுகளுக்குப் பிறகு வந்த பல சிடிகள் அப்படித்தான். உரக்கக் கேட்கும்போது அடிநாதமும் மேல்ஸ்தாயியும் காதுக்குக் கூடுதலாகத் தெரியும், அதனால் முதல் நிமிடம் "ஆகா" என்று இருக்கும். பழையதையும் புதியதையும் ஒப்பிட விரும்புகிறவர்கள் இரண்டின் சத்தத்தையும் சமமாக வைத்துவிட்டு ஒப்பிடுங்கள்.

கடைசியாக என் காது. மேல்ஸ்தாயியைப் பிடிக்கும் மயிர் செல்கள் உள்காதின் வாசலில் இருக்கின்றன. வயதோடு முதலில் தேய்வதும் அவைதான், தேய்ந்தால் மறுபடி முளைப்பதில்லை. போனில் சோதித்துப் பார்த்தேன். 11,000 ஹெர்ட்ஸுக்கு மேல் எனக்கு நிசப்தம். எல்லாம் கேட்கும் வயதில் கையில் இருந்தது கேசட்.

அடுத்த முறை போகும்போது 19 வயது மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். ஃபேனை நிறுத்தினோம். ஒரு இடத்தில் தாளத்தட்டு அடித்து ஓய்ந்ததும், "இன்னும் போயிட்டே இருக்குப்பா" என்றாள். எனக்கு எப்போதோ முடிந்திருந்தது. ஊசியைத் தூக்கித் திரும்ப வைத்தேன். கேட்கிற வரைக்கும் விரலைத் தூக்கி வைத்துக்கொள்ளச் சொன்னேன். அடி விழுந்தது, எனக்கு அடங்கியது. அவள் விரல் அப்படியே நின்றது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், மெல்ல இறங்கும் வரை.