தண்ணீருக்குள் எடை பார்த்தால் தெரிந்துவிடும்

வெனிஸ் நகரத்து அக்கசாலை 1284-இல் டுகாட் என்ற தங்கக் காசை அடிக்கத் தொடங்கியது. எடை ஏறத்தாழ 3.5 கிராம். கலப்பு நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. 1797-இல் வெனிஸ் குடியரசு வீழும்வரை எடையும் மாற்றும் உருவமும் பெரிதாக மாறவேயில்லை. பழங்காசு சேர்ப்பவருக்கு இது பெரிய வரம். கையில் இருப்பது எப்படி இருந்தாக வேண்டும் என்பது முன்பே தெரியும்.

அந்தக் காலத்தில் இவ்வளவு சுத்தம் எப்படிக் கிடைத்தது? தங்கத்தை மெல்லிய தகடாக அடித்து, உப்பும் செங்கல்தூளும் இடையிடையே இட்டு மூடி, தங்கம் உருகாத சூட்டில் நெடுநேரம் வைப்பார்கள். உப்பிலிருந்து கிளம்பும் குளோரின் சேர்ந்த ஆவி, உள்ளே கலந்திருக்கும் வெள்ளியைத் தின்றுவிடும். தங்கத்தை அது தொடாது.

இன்று ஒரு டுகாட்டைச் சோதிக்க உரைகல் வேண்டாம். எழுநூறு ஆண்டுக் காசை உரசுவதற்கு எனக்கு மனம் வராது. மேல்பூச்சு இருந்தால் உரைகல்லும் ஏமாறும். ஒரு டம்ளர் தண்ணீர், மில்லிகிராம்வரை காட்டும் தராசு, ஒரு நூல் போதும். முதலில் காசை வெறுமனே நிறுக்க வேண்டும். பிறகு டம்ளரின் அடியையோ பக்கத்தையோ தொடாதபடி நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு நிறுக்க வேண்டும். தூய தங்கம் தண்ணீரைவிட 19.3 மடங்கு கனம். ஆகவே 3.5 கிராம் டுகாட் தண்ணீருக்குள் 0.181 கிராம் எடை குறையும். தங்க முலாம் பூசிய வெள்ளிக் காசு அதே எடையில் இருந்தால் குறைவது 0.33 கிராம். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்த இரண்டும் இங்கே பிரிந்துவிடும்.

கெடுப்பவை காற்றுக் குமிழிகள். காசில் பொறித்திருக்கும் புனிதரின் அங்கி மடிப்பில் கடுகளவில் இரண்டு ஒட்டிக்கொண்டால் போதும், எடையைக் குறைந்த எடையால் வகுத்து வரும் கணக்கு 19-க்குக் கீழே இறங்கி நல்ல காசு கெட்ட பெயர் வாங்கும். தண்ணீரில் ஒரு துளி சோப்புக் கரைசல் விட்டு, காசை மெல்ல ஆட்டினால் குமிழிகள் விலகும்.

ஆனால் வயதைத் தண்ணீர் சொல்லாது. நல்ல தங்கத்தில் நேற்று செய்த போலியும் இதில் தேறிவிடும். அதற்கு உருப்பெருக்கிதான் துணை. வார்ப்புக் காசில் நுண்குழிகள் தெரியும், எழுத்தின் ஓரங்கள் மழுங்கியிருக்கும். சுத்தியலால் அடித்த காசில் உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஓடிய மெல்லிய கோடுகள் இருக்கும். அச்சு சற்று விலகி விழுந்து ஓரத்து எழுத்துகள் வெளியே போயிருப்பது குறையல்ல. கையால் அடித்ததற்கு அது நல்ல சாட்சி.

இந்தக் காசுகள் மிளகு வணிகத்தோடு மலபார் கரைக்கும் நிறைய வந்தன. ஒருபக்கம் புனித மாற்கு, முழந்தாளிட்ட நகரத் தலைவருக்குக் கொடி கொடுக்கிறார். நம் பக்கத்து மக்கள் நடுவில் நிற்கும் கொடிக்கம்பத்தைப் பனைமரமாகவும், அருகிலிருப்பவரைப் பனையேறியாகவும் பார்த்தார்கள். பலர் வளையம் பற்றவைத்துக் கழுத்தில் அணிந்தார்கள். வளையம் கழற்றிய காசு அடர்த்தியில் கொஞ்சம் குறைந்து காட்டினால், போலி என்று ஒதுக்கும் முன் விளிம்பைத் திருப்பிப் பாருங்கள். அங்கே வளையத்தை ஒட்டிய பற்றாசு கொஞ்சம் தங்கியிருக்கலாம்.