அந்த நாலு வருஷம் என்ன செய்தீர்கள்?

காரைக்குடியில் என்னிடம் ரெஸ்யூமைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களில் பாதிப்பேர் ஒரே இடத்தில்தான் குரலைத் தாழ்த்துகிறார்கள். படிப்பு, முதல் வேலை எல்லாம் கணீரென்று சொல்லிக்கொண்டே வருவார்கள். வேலையை விட்ட வருடம் வந்ததும் பார்வை மேசைக்குப் போய்விடும். "அப்புறம் கொஞ்ச நாள் சும்மா வீட்ல இருந்தேங்க." இந்த 'சும்மா'வைத்தான் முதலில் எடுக்க வேண்டும்.

சென்னையில் 14 வருடம் ஆள் எடுக்கும் பிரிவில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவள் நான். எதிர்ப்பக்க நாற்காலியில் இருப்பவரின் மனசில் என்ன ஓடும் என்று தெரியும். இந்த ஆளுக்கு வேலை மறந்திருக்குமோ, எடுத்தால் ஆறு மாதத்தில் மறுபடி போய்விடுவாரோ, எதையாவது மறைக்கிறாரோ என்றுதான் யோசிப்பார். உங்கள் வீட்டுக் கதை முழுவதும் அவருக்கு வேண்டாம். அந்தச் சந்தேகம் தீர இரண்டு மூன்று வாக்கியம் போதும், ஆனால் அது உண்மையாகவும், அவர் கேட்பதற்கு முன்பே காகிதத்தில் எழுதியும் இருக்க வேண்டும்.

ஒரு முறை தேவகோட்டையிலிருந்து ஒரு பெண் வந்தார். பி.காம் முடித்து மதுரையில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் ஐந்து வருடம் வேலை பார்த்தவர். 2019-இல் மாமியாருக்குப் பக்கவாதம் வந்ததும் வேலையை விட்டிருக்கிறார். நான்கு வருடம் கூடவே இருந்து பார்த்து, அவர் காலமான பிறகு மறுபடி வேலை தேடுகிறார். ரெஸ்யூமில் 2019-க்குக் கீழே ஒன்றுமே இல்லை, நேராக 'பொழுதுபோக்கு' என்ற தலைப்புதான்.

"அக்கா, ஹவுஸ் ஒய்ஃப்னு போடலாமா?"

"அந்த நாலு வருஷத்துல பில்லு, கணக்குன்னு எதையுமே தொடலையாம்மா?"

"இல்லக்கா... சித்தப்பாவோட டைல்ஸ் பட்டறைக்கு பில் மட்டும் போட்டுக் கொடுப்பேன். சும்மா ஒரு ஒத்தாசைக்கு."

தோண்டித் தோண்டிக் கேட்டதில் ஒவ்வொன்றாக வந்தது. கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணம் ஊற்றிச் செய்கிற ஆத்தங்குடிக் கல்தான் அந்தப் பட்டறையின் சரக்கு. ஆர்டர் கேரளாவிலிருந்தும் வரும், பெங்களூரிலிருந்தும் வரும். வெளி மாநிலத்துக்கு ஐஜிஎஸ்டி, உள்ளூருக்கு சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று பிரித்து பில் போட்டிருக்கிறார். லாரி கிளம்புமுன் இ-வே பில் எடுத்திருக்கிறார். மாதாமாதம் ரிட்டர்ன் தாக்கல் செய்திருக்கிறார். வழியில் கல் உடைந்து பணம் குறைத்துக் கேட்டவர்களுக்கு கிரெடிட் நோட் கொடுத்ததும் அவர்தான். மாமியாரின் கட்டிலுக்குப் பக்கத்தில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு இவ்வளவும் செய்தவர், கணக்கு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அதைச் சும்மா என்கிறார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

ரெஸ்யூமில் இப்படி எழுதினோம்: '2019 - 2023: குடும்பத்தில் ஒருவரின் நோய்ப் பராமரிப்புக்காக முழுநேர வேலையிலிருந்து விலகியிருந்தேன். இக்காலத்தில் உறவினரின் டைல்ஸ் பட்டறைக்கு பில்லிங், ஜிஎஸ்டி ரிட்டர்ன், இ-வே பில் வேலைகளைப் பகுதி நேரமாகச் செய்தேன். இப்போது முழுநேர வேலைக்குத் தயார்.' சம்பளம் வாங்கினீர்களா என்று கேட்டால், இல்லை, சொந்தக்காரர்களுக்காகச் செய்தது என்று அப்படியே சொல்லச் சொன்னேன். அதில் மறைக்க என்ன இருக்கிறது? கணக்கு மென்பொருளான டேலியின் புது வடிவம், டேலி பிரைம், 2020 நவம்பரில் வந்துவிட்டது, பட்டறையில் இருந்ததோ பழைய டேலி. அதனால் இரண்டு வாரம் உட்கார்ந்து அதையும் பழகிக்கொண்டார். விட்ட காலத்தில் உங்கள் தொழிலில் என்ன மாறியது என்று கண்டுபிடித்து அதை மட்டும் பிடித்துவிடுங்கள். பல பாடங்கள் என்பிடெல், ஸ்வயம் என்ற அரசு ஆன்லைன் படிப்புத் தளங்களிலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. ஆராய்ச்சிப் பக்கம் இருந்து விலகிய பெண்களுக்கு மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை வைஸ்-கிரண் என்று தனித் திட்டமே நடத்துகிறது. சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிற ஊரில் இருந்துகொண்டு இதைக் கேள்விப்படாதவர்கள் நிறைய, அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

இனிச் சொல்லப்போவதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். கோட்டையூர்ப் பையன் ஒருவர், இன்ஜினியரிங் முடித்து ஒரு வருடம் வேலை பார்த்துவிட்டு மூன்று வருடம் குரூப் தேர்வுகளுக்குப் படித்தவர். கிடைக்கவில்லை. யாரோ சொன்னார்கள் என்று சொந்தக்காரர் ஒருவரின் கம்ப்யூட்டர் கடை லெட்டர்ஹெட்டில் மூன்று வருட அனுபவச் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொண்டு பெங்களூரில் வேலையில் சேர்ந்துவிட்டார். பின்னணிச் சரிபார்ப்பில் முதலில் கேட்டது பிஎஃப் சர்வீஸ் ஹிஸ்டரி. அதில் அந்தக் கடை இல்லை. சின்னக் கடை, பிஎஃப் கிடையாது என்று சமாளித்திருக்கிறார். சரி, சம்பளம் வரவு வைத்த பேங்க் ஸ்டேட்மென்ட் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். இரண்டாவது மாதமே வெளியே அனுப்பிவிட்டார்கள். மூன்று வருடம் படித்தேன் என்றே சொல்லியிருந்தால் அவர்கள் எடுத்திருக்கவும் கூடும். முதல்நிலைத் தேர்வில் தேறி முதன்மைத் தேர்வு வரை போனவர் அவர். அது ஒரு தகுதிதானே? "தேர்வுக்குப் படித்தேன், முதன்மைத் தேர்வு வரை போனேன், இனி எழுதுவதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன்" என்று சொல்லியிருக்கலாம். கடைசிப் பகுதியை விட்டுவிடாதீர்கள், அடுத்த அறிவிப்பு வந்ததும் ஓடிவிடுவாரோ என்பதுதான் அவர்கள் கவலை.

பிஎஃப் பற்றிப் பேச்சு வந்ததால் இன்னொன்று. உங்கள் யுஏஎன் (பிஎஃப் உறுப்பினர் எண்) கணக்கைத் திறந்து பழைய கம்பெனிக்கு எதிரே 'டேட் ஆஃப் எக்ஸிட்', அதாவது வேலையை விட்ட தேதி, பதிவாகியிருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். பல நிறுவனங்கள் அதைப் போடாமலே விட்டுவிடுகின்றன. அது காலியாக இருந்தால் நீங்கள் இன்னும் அங்கேயே வேலை பார்ப்பதுபோல் காட்டும், ரெஸ்யூமில் நீங்கள் உண்மையாக எழுதிய இடைவெளியே பொய் மாதிரி ஆகிவிடும். கடைசிப் பங்களிப்புக்குப் பிறகு இரண்டு மாதம் கழிந்திருந்தால் நீங்களே ஆன்லைனில் அந்தத் தேதியைப் பதியலாம்.

உடம்பு சரியில்லாமல் விட்டவர்கள் நோயின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. "உடல்நலக் காரணம், சிகிச்சை முடிந்துவிட்டது, டாக்டர் வேலைக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்" போதும். சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ பெர்மிட் முடிந்து திரும்பியவர்கள் அதை அப்படியே சொல்லலாம், 2020-இல் அப்படித் திரும்பியவர்கள் எத்தனையோ பேர். நம் ஊர் கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து வியாபாரம் செய்ய, போன ஊர். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போனவர்கள் மூன்று வருடக் கணக்கு முடிந்ததும் ஊருக்கு வந்து இருந்துவிட்டு மறுபடி கப்பல் ஏறினார்கள். அந்த வீடுகளின் பேரப்பிள்ளைகள் இரண்டு வருடத்துக்கு இப்படிக் கூசிப்போவதைப் பார்க்கும்போதுதான் மனசு கேட்பதில்லை.

எனக்கும் இது நடந்திருக்கிறது. இரண்டாவது குழந்தைக்குப் பிறகு மூன்று வருடம் வீட்டில் இருந்தேன். திரும்பப் போன முதல் நேர்காணலில், "நீங்க வேலைக்கு வந்துட்டா பிள்ளைய யார் பாத்துக்குவாங்க?" என்று கேட்டார்கள். அப்பாவாக இருந்தால் கேட்கிற கேள்வியா அது? எனக்கு அப்போது பதறிவிட்டது. மாமியார், ஸ்கூல் வேன், பக்கத்து வீட்டு அக்கா என்று பத்து நிமிடம் விளக்கம் கொடுத்தேன். வேலை பற்றிப் பேச நேரமே இல்லாமல் போனது. இன்றைக்கு யாராவது அப்படிக் கேட்டால், "அதற்கெல்லாம் ஏற்பாடு இருக்கிறது, இந்தப் பொறுப்பின் வேலை நேரம் எப்படி என்று சொல்கிறீர்களா?" என்று பேச்சை வேலைப் பக்கம் திருப்பச் சொல்லித் தருகிறேன்.

இடைவெளி இருக்கிறதே என்று சம்பளத்தைப் பாதியாக நீங்களே குறைத்துக்கொள்ளாதீர்கள். அந்த வேலைக்கு இப்போது வெளியே என்ன கொடுக்கிறார்கள் என்று நாலு இடத்தில் விசாரித்துவிட்டுப் போங்கள்.

அப்புறம், அந்த இரண்டு மூன்று வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும். முதலில் தமிழில், அது தடங்கல் இல்லாமல் வந்த பிறகு ஆங்கிலத்தில். தேவகோட்டைப் பெண் ஒரு வாரம் சாயங்காலம் சாயங்காலம் வீட்டுப் பட்டாலையில் சித்தப்பாவை எதிரே உட்காரவைத்துப் பழகினார். நேர்காணல் முடிந்ததும் கூப்பிட்டார்.

"அக்கா, அந்த நாலு வருஷத்தைப் பத்தி ஒரே ஒரு கேள்விதான். சொன்னேன், சரின்னுட்டாங்க. அப்புறம் முழுக்க ஜிஎஸ்டிதான் கேட்டாங்க. சரக்கு உடைஞ்சு திரும்பி வந்தா எப்படி என்ட்ரி போடுவீங்கன்னு கேட்டாங்கக்கா."